உஷார்! மழையில் மிதக்கும் மொட்டை டயர்கள்

ஐப்பசி பிறக்கப் போகிறது. கடலூர் மாவட்டம் ஓர் ஆண்டில் பெறுகிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கடலூர்–சிதம்பரம் சாலையில் கார், வேன், பைக் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இன்றே குனிந்து டயர் பட்டனைப் பாருங்கள். நாளை, மறுநாள் என்று தள்ளாதீர்கள்.

இத்தனை பதற்றம் ஏன்? சாலை மாறிவிட்டது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக ஊர்ந்து போன காலத்தில் குழியும் வளைவும் எதிரே வரும் கரும்பு டிராக்டரும் நம் வேகத்தைப் பிடித்து வைத்திருந்தன. தேய்ந்த டயரோடு போனவர்கள்கூட ஐம்பதைத் தாண்ட முடியாததால் பிழைத்தார்கள். இப்போது விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலை வந்துவிட்டது. கொத்தட்டை சுங்கச்சாவடியைத் தாண்டினால் கார் தானாகவே தொண்ணூறைத் தொடுகிறது. டயர் மட்டும் அதே பழைய டயர். தேய்ந்த டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகமும் ஏறக்குறைய அதுதான்!

ஆமாம், மிதக்கும். ஒரு கார் டயர் சாலையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அகலம்தான். அங்கிருந்து தண்ணீரை வெளியே தள்ளத்தான் பட்டன்களுக்கு இடையே பள்ளம் விட்டிருக்கிறார்கள். பள்ளம் தேய்ந்து மறைந்துவிட்டால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. டயருக்கு முன்னால் குவிந்து, அடியில் புகுந்து, வண்டியைத் தூக்கிவிடும். ஸ்டியரிங் திடீரென லேசாகும். பிரேக் மிதித்தும் பயனில்லை. ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று நம்பாதீர்கள்; பிடிப்பதற்கு டயருக்கு அடியில் சாலையே இருக்காது.

காற்று குறைவாக இருந்தால் ஆபத்து இன்னும் சீக்கிரம் வரும். அமெரிக்காவின் நாசா விஞ்ஞானிகள் 1960களில் விமான டயர்களைச் சோதித்து ஒரு கணக்கு சொன்னார்கள். அதன்படி 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர், தேங்கிய தண்ணீரில் மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கும். அதே டயரில் 20 பி.எஸ்.ஐ.தான் இருந்தால் 75 கிலோமீட்டரே போதும். முழுதாக மிதப்பதற்கு வெகு முன்பே பிடி தளரத் தொடங்கிவிடும். இன்னொன்றும் இதே கணக்கில் இருக்கிறது. "முன்னால் பஸ் பறக்கிறதே, நமக்கென்ன?" என்று பஸ்ஸின் பின்னாலேயே போகிறவர்கள் நிறைய. பஸ் டயரில் நூறு பி.எஸ்.ஐ.யை ஒட்டிக் காற்று இருக்கும். மேலே டன் கணக்கில் எடை. அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். அந்த வேகம் உங்கள் காருக்கு ஆகாது. தயவுசெய்து பஸ்ஸைப் பார்த்து ஓட்டாதீர்கள்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் இல்லாமல் கார் ஓட்டுவது குற்றம். அங்கே ஐஸ், நமக்கு மழை. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளும் (1989) சும்மா இல்லை: பள்ளத்தின் ஆழம் காருக்கும் லாரிக்கும் 1.6 மில்லிமீட்டருக்கும், இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது. பள்ளத்துக்குள்ளேயே சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. என்னைக் கேட்டால் மழைக்காலத்தில் கார் டயரை அதுவரை ஓட்டவே கூடாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிடுங்கள்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் கூடுதல் உஷார்! மொட்டை டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்புப் பூசி, பளபளவென்று விற்பவர்கள் உண்டு. அப்படி வெட்டும்போது உள்ளே இருக்கும் கம்பி வலைக்கு மேல் ரப்பர் காகிதமாக மெலிந்துவிடும், வேகத்தில் வெடிக்கும். பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஓரங்கள் சொரசொரப்பாக இருந்தாலோ, தேய்மானத்தைக் காட்டும் அந்தச் சின்ன மேடுகளைக் காணோம் என்றாலோ தொடவே வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஈரத்தில் அதற்குப் பிடி கிடையாது.

பைக் ஓட்டுகிறவர்களே, உங்களுக்கு நான்கு சக்கரத் துணை இல்லை. புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் நெல் காயவைக்கக் களம் போதாமல் விவசாயிகள் சாலையோரத்தில்தான் பரப்புகிறார்கள். அவர்கள் பாடு அப்படி. ஆனால் நனைந்த நெல் மீதோ வைக்கோல் மீதோ பிரேக் பிடித்தால் எந்த டயரும் வழுக்கும். மீன் வண்டி ஒழுகவிட்ட தண்ணீர், ரயில் கேட் தண்டவாளம், சாலையில் அடித்த வெள்ளைக் கோடு எல்லாம் அப்படியே. முதல் தூறலில் எண்ணெயும் புழுதியும் குழைந்து நிற்கும் நேரம் எல்லாவற்றையும்விட மோசம். ஒரு கால் மணி நேரம் ஒதுங்கி நில்லுங்கள். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி உண்டு. பஞ்சர் ஒட்டிவிட்டு மாட்டும்போது அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்களா என்றும் பாருங்கள்.

ஓட்டும்போது ஸ்டியரிங் லேசாகிவிட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருங்கள். வேகம் இறங்கினால் டயர் மறுபடி தரையைப் பிடிக்கும்.

கையில் இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், புதியவற்றைப் பின்சக்கரங்களுக்கே போடச் சொல்லுங்கள். முன்னால் போடுவதுதான் வழக்கம் என்று கடையில் வாதாடுவார்கள், விடாதீர்கள். முன்டயர் வழுக்கினால் காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்டயர் வழுக்கினால் கார் நின்ற இடத்திலேயே சுழலும். அதை நிறுத்த அனுபவமுள்ள டிரைவராலும் எளிதில் முடியாது.