கல்லூரிப் படிப்பை விடவும் மாற்றவும் கெடு உண்டு: பெற்றோர் அறிய வேண்டிய விதிகள்



கல்லூரிச் சேர்க்கை முடிந்த சில வாரங்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "இந்தப் பாடம் எனக்கு வரவில்லை, வேறு பிரிவுக்கு மாறட்டுமா?" என்று பிள்ளை கேட்கும். "பணம் கட்டியாயிற்று, எப்படியாவது படித்து முடி" என்று வாப்பா சொல்வார். சில வாரம் கழித்து, பிள்ளை யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிடும். நஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரு மாணவர் குறித்த தேதிக்குள் ஒரு பாடத்தை மட்டும் விட்டுவிடலாம். முன்தகுதிப் பாடம் படிக்காதவரையும் பேராசிரியர் அனுமதித்தால் சேர்த்துக்கொள்வார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் அந்த அளவுக்குச் சுதந்திரம் இல்லை. ஆனால் சலுகையே இல்லை என்று நினைப்பதும் தவறு. எல்லாச் சலுகைக்கும் ஒரு கெடு உண்டு, எழுத்து மூலமான விண்ணப்பமும் உண்டு.

ஷரீஅத்தை அறிந்தவருக்கு இது புதிதல்ல. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை உண்டு, அதற்குத் தூரமும் நிபந்தனையும் உண்டு. நோயாளி நோன்பை விடலாம், பிறகு களாச் செய்ய வேண்டும். விற்றவரும் வாங்கியவரும் சபையை விட்டுப் பிரியும் வரை பேரத்தை முறிக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் இதைக் கியாருல் மஜ்லிஸ் என்கிறோம். பிரிந்த பிறகு அந்த உரிமை கிடையாது.

கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பில் இதற்கு அட்டவணை உள்ளது. சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாளை வைத்துக் கணக்கிட வேண்டும்:

• கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் 100 சதவீதம். இதில் கட்டணத்தில் 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய், செயலாக்கக் கட்டணமாகப் பிடிக்கலாம்.
• 15 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது விலகினால் 90 சதவீதம்.
• கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் 80 சதவீதம்.
• 15 நாளுக்கு மேல், 30 நாளுக்குள் 50 சதவீதம்.
• 30 நாள் கடந்துவிட்டால் எதுவும் இல்லை.

சில கல்வியாண்டுகளுக்கு யு.ஜி.சி. தனி அறிவிப்பு மூலம் இதைவிட நீண்ட கெடுவும் கொடுத்திருக்கிறது. எனவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல், டி.சி. போன்ற அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பதும் அதே 2018 அறிவிப்பில் உள்ளது. "மீதிக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம்" என்று யாராவது சொன்னால், எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

வருகைப் பதிவு குறைந்தால்

தமிழகத்தின் பல கலை, அறிவியல் கல்லூரிகளில் நடைமுறை இதுதான். 75 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். 65 முதல் 74 வரை இருந்தால், காரணம் காட்டிக் கட்டணம் கட்டி கண்டோனேஷன் பெற வேண்டும். 50 முதல் 64 வரை என்றால் அந்தப் பருவத்தில் எழுத முடியாது, அடுத்த தேர்வில்தான் எழுதலாம். 50-க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழக இணைப்பு பெற்ற பொறியியல் கல்லூரிகளில் இன்னும் கடுமை: 65-க்குக் கீழே போனாலே அந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டும்.

கொல்லிமலை குண்டூர் நாடு போன்ற மலைப் பகுதியிலிருந்து நாமக்கல்லுக்கோ இராசிபுரத்துக்கோ வந்து படிக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். காரவள்ளி வழியாக இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். மழையில் பேருந்து நின்றாலோ, காய்ச்சலில் படுத்தாலோ, வாரம் முழுவதும் வகுப்பு போய்விடும். நோய் உண்மையாக இருந்தாலும், சான்றை அந்த வாரமே துறைத் தலைவரிடம் கொடுத்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. பருவம் முடிந்தபின் கொண்டுபோனால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

உடல்நலக் குறைவால் தேர்வே எழுத முடியாத நிலை வந்தால், அண்ணா பல்கலைக்கழக விதியில் தேர்விலிருந்து விலகிக்கொள்ள வழி உண்டு. படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் அந்த அனுமதி கிடைக்கும். முறையாக விலகியவருக்குச் சிறப்பு முதல் வகுப்புத் தகுதி கெடாது. சொல்லாமல் தேர்வுக்குப் போகாதவருக்கோ அது அரியராக நிற்கும். ஒரு விண்ணப்பத்தாள் அளவுதான் வித்தியாசம்.

முன்தகுதி இல்லாமல் படிக்கலாமா?

இது நம் சமுதாயத்தை நேரடியாகத் தொடும் விஷயம். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தி மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் பலர், பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றிருக்கிறார்கள். அறிவு கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் 10, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் பட்டமே அரசு வேலைக்குச் செல்லும் என்று தமிழக அரசு 2009 ஆகஸ்டில் 107-ஆம் எண் அரசாணை பிறப்பித்தது. அதே 2009-இல், அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

ஆக, "பிளஸ் டூ தேவையில்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஏஜென்ட் சொன்னால் ஒன்றைக் கேளுங்கள்: சேர்த்துக்கொள்வார்கள் சரி, அந்தப் பட்டத்தை நாளை வேலை தருபவர் ஏற்பாரா?

முறையான வழிகள் இருக்கின்றன. ஓதும் காலத்திலேயே 10, பிளஸ் டூ தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதலாம். மதரஸா பட்டதாரிகளுக்காக அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 2013-இல் இணைப்புப் படிப்பு தொடங்கியது. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இவையும் சலுகைகள்தாம், ஆனால் விதிக்குள் இருப்பவை.

பெற்றோரே, பிள்ளை "முடியவில்லை" என்று சொன்னால் முதலில் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்த பிள்ளை மறைக்கும், மறைக்கும் நாட்களில் கெடு கடந்துவிடும். மறுநாளே கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போங்கள். பிரிவு மாற இடம் இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். விலகுவதென்று முடிவானால் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். அந்தக் கடிதம்தான் இங்கே கயிறு.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதை நிறைவாக முடிக்கும் பொறுமையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.