நீலத் திட்டும் பச்சைப் பட்டாணியும்

கேலக்ஸி ஜூ திட்டம் 2007 ஜூலையில் தொடங்கியபோது பொதுமக்களிடம் கேட்ட உதவி மிக எளியது. படத்தில் தெரியும் விண்மீன் திரள் சுருளா, நீள்வட்டமா என்று சொன்னால் போதும். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவிலுள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கி ஸ்லோன் வான் அளவைக்காக எடுத்த படங்களில் ஏறத்தாழ 9 லட்சம் திரள்கள் இருந்தன. ஆக்ஸ்போர்டில் ஆய்வு மாணவராக இருந்த கெவின் ஷவின்ஸ்கி அவற்றில் 50,000 திரள்களைத் தாமே பார்த்து வகை பிரித்துவிட்டு ஓய்ந்துபோயிருந்தார். நிறத்தை வைத்து வகை பிரிக்கும் வழி அவருக்கு உதவாது. நீலமாக இருந்தால் சுருள், சிவப்பாக இருந்தால் நீள்வட்டம் என்பது அதன் கணக்கு. அவர் தேடியதோ அந்தக் கணக்குக்கு அடங்காத நீல நீள்வட்டங்களை. ஆகவே அவரும் வானியலாளர் கிறிஸ் லின்டாட்டும் வேறு சிலரும் சேர்ந்து படங்களை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். முதல் ஆண்டில் மட்டும் சுமார் 1.5 லட்சம் பேரிடமிருந்து 5 கோடிக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன.

வானியல் படிக்காதவர்களின் பதிலை எப்படி நம்புவது? ஒரே படத்தைப் பலரிடம் காட்டிப் பெரும்பான்மைத் தீர்ப்பை எடுத்துக்கொண்டார்கள்; அது வல்லுநர்களின் தீர்ப்போடு பெரிதும் ஒத்துப்போனது. ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கல் வந்தது. சுருள் திரள்களில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்பவையே அதிகம் என்று பதில்கள் காட்டின. பிரபஞ்சத்துக்கே ஒரு பக்கச் சாய்வு உண்டோ என்ற ஐயம் எழுந்தது. படங்களைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் எதிர்த்திசையே அதிகமாக வந்தது. சாய்வு வானத்தில் இல்லை, பார்ப்பவர்களிடம்தான் இருந்தது.

திட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவை, கேட்ட கேள்விக்கு வந்த பதில்களைவிட, யாரும் கேட்காமலே ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சங்கதிகள். 2007இல் நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல் ஐசி 2497 என்ற திரளுக்கு அருகே ஒரு நீலத் திட்டைக் கண்டு, அது என்ன என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. அது திரளே அல்ல, கிட்டத்தட்ட 65 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு வாயு மேகம். அதிலுள்ள ஆக்சிஜன் அயனியாகி ஒளிர்கிறது. ஆனால் அதை ஒளிரவைக்கும் அளவுக்கு வலுவான விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லை. ஐசி 2497இன் மையக் கருந்துளை முன்பு குவேசாராக, அதாவது பேரொளி வீசும் திரள் மையமாக, கொழுந்துவிட்டு எரிந்து, பின் அடங்கிவிட்டது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். மூலம் மங்கிவிட்டாலும், அது கடைசியாக உமிழ்ந்த ஒளி பல்லாயிரம் ஆண்டுகள் பயணம் செய்து மேகத்தை அடைந்துகொண்டிருக்கிறது. ஒரு குவேசார் அணைய அதிகக் காலம் வேண்டும் என்றிருந்த எண்ணத்தை இது அசைத்தது. 2011 ஜனவரியில் வெளியான ஹபிள் படத்தில் அந்த மேகம் பச்சையாக இருந்தது.

பச்சைப் பட்டாணிகளின் கதை கூட்டுப் பேச்சில் பிறந்தது. சின்னஞ்சிறு பச்சை உருண்டைகள் சில படங்களில் தென்படுவதை ஆர்வலர்கள் முதலில் வேடிக்கையாகத்தான் பேசினார்கள். பிறகு அவர்களே அளவைத் தரவுகளைத் துழாவி, நிறமாலைகளை ஒப்பிட்டு, எது பட்டாணி, எது இல்லை என்று பிரித்துப் பட்டியலிட்டார்கள். அதை அடிப்படையாகக் கொண்டு கரோலின் கார்டமோனும் குழுவினரும் 2009இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தேடியதில் அகப்பட்டவை சுமார் 250 மட்டுமே. நம் பால்வீதியைவிட மிகச் சிறியவை. ஆனால் அதைவிடப் பல மடங்கு வேகமாக விண்மீன்களை ஈன்றுகொண்டிருப்பவை.

இங்கும் நிறத்துக்குக் காரணம் அதே ஆக்சிஜன் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் உமிழும் ஒளி, அதாவது அதன் நிறமாலை வரிதான். பிரபஞ்ச விரிவால் தொலைவு கூடக்கூட ஒளி சிவப்பின் பக்கம் நகர்கிறது. அருகிலுள்ள ஹன்னியின் மேகத்தில் அந்த வரி, ஸ்லோன் படங்கள் நீலமாகக் காட்டும் வடிகட்டியில் விழுகிறது. தொலைவிலுள்ள பட்டாணிகளில் பச்சையாகக் காட்டும் அடுத்த வடிகட்டிக்கு நகர்ந்துவிடுகிறது.

கோள்களைத் தேட 2010 இறுதியில் தொடங்கிய பிளானட் ஹன்டர்ஸ் திட்டத்திலும், யாரும் தேடச் சொல்லாத ஒன்றை ஆர்வலர்களே கண்டார்கள். கெப்ளர் விண்கலத் தரவுகளில், ஒரே சீராகத் திரும்பத் திரும்ப மங்கும் விண்மீன்களைக் கணினி தேடியது. கேஐசி 8462852 என்ற விண்மீன் ஒழுங்கின்றி மங்கியதை மனிதக் கண்களே பிடித்தன. வியாழன் அளவுக் கோள் சூரியனைப் போன்ற விண்மீனை மறைத்தால் சுமார் 1 சதவீத ஒளி குறையும். இதிலோ ஒருமுறை 22 சதவீதம் வரை குறைந்தது. 2015இல் தபேதா போயாஜியன் தலைமையில் வந்த கட்டுரையில் அந்த ஆர்வலர்களின் பெயர்களும் ஆசிரியர் வரிசையில் இருந்தன. வேற்றுலகவாசிகளின் கட்டுமானம் என்ற பேச்சு செய்தித்தாள்களை நிறைத்தது. ஆனால் நீல ஒளி சிவப்பைவிடக் கூடுதலாகத் தடைபடுவது 2018இல் உறுதியானதும் அந்தப் பேச்சு அடங்கியது; மறைப்பது நுண்தூசி.

நிறமாலை எடுக்கவும் கணக்கிட்டு நிறுவவும் தொழில்முறை வானியலாளர்களே வேண்டும். வகை பிரிக்கும் வேலையையும் இப்போது கணினிகள் பெருமளவு ஏற்றுவிட்டன; அவற்றுக்குப் பாடம் ஆர்வலர்களின் பதில்கள்தான். 2024 ஆகஸ்டில் ஐரோப்பாவின் யூக்ளிட் விண்தொலைநோக்கிப் படங்களும் கேலக்ஸி ஜூவுக்கு வந்தன. அவற்றைப் பார்க்கப் பட்டம் எதுவும் தேவையில்லை. படத்தின் ஓரத்தில் புரியாத ஏதேனும் தெரிந்தால், தயங்காமல் கேட்டுவிடுங்கள்.