ஒரு நூலுக்கு மின்படி கேட்டால்

நேரில் வர இயலாத வாசகர்கள் தங்களுக்கு வேண்டிய நூலையோ இதழ்க் கட்டுரையையோ ஸ்கேன் செய்து அனுப்பும்படி கேட்பது இன்று ஆய்வு நூலகங்களின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு வேண்டிய துண்டுப்பிரசுரம் சென்னையில் இருக்கலாம். மதுரை மாணவி தேடும் இதழ் லண்டனில் இருக்கலாம். அச்சேறிய தமிழ் நூல்களில் மறுபதிப்புக் காணாதவை ஏராளம். அவற்றில் பல ஓரிரு நூலகங்களில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அத்தகைய நூலுக்கு மின்படி கேட்டு வரும் விண்ணப்பம் வாசகருக்கு உதவும் வாய்ப்பு மட்டுமல்ல, அந்த நூலைக் காப்பாற்றிக்கொள்ளவும் நூலகத்துக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் நாடக நோட்டீசுகளும், 1992இல் அவர் மறைந்த பிறகு சிதறிப்போகவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் அவை சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளமாயின. முதலில் மைக்ரோஃபிலிமிலும் பின்னர் கணினியிலும் அவை படியெடுக்கப்பட்டன. ஓர் ஊரில் ஒருவர் வீட்டில் இருந்த சேகரிப்பு, படிகளின் வழியே உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களை எட்டியது.

விண்ணப்பம் வந்ததும் நூலகம் சில கேள்விகளுக்கு வரிசையாக விடை காண வேண்டும். கேட்கப்படுவது எது? அதன் மின்படி ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா? படியெடுத்துத் தரச் சட்டம் இடம் தருகிறதா? நூலின் நிலை அதைத் தாங்குமா? இந்த வரிசை மாறினால் வீண் உழைப்பும் சில வேளை நூலுக்குச் சேதமும் நேரும்.

கேட்கப்படுவது எது?

நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பதிப்பு, வேண்டிய பக்கங்கள் ஆகியவற்றை விண்ணப்பப் படிவம் கேட்கும். தமிழ் நூல்களில் இந்த விவரங்களே சிக்கல் தருவதுண்டு. பழைய நூல்கள் பலவற்றின் முகப்பில் தமிழ் வருடப் பெயர்தான் இருக்கும். அறுபது வருடங்களுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். ‘பிரபவ’ என்றால் 1867 ஆகவும் இருக்கலாம், 1927 ஆகவும் இருக்கலாம். அச்சுக்கூடத்தின் பெயர், எழுத்துரு, தாள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய முடியும். சிறு நூல்கள் ஐந்தாறு ஒரே கட்டடத்துக்குள் தைக்கப்பட்டிருந்தால், பட்டியலில் முதல் நூலின் பெயர் மட்டும் ஏறியிருக்கும். இதழ்களில் மலர் எண்ணும் இதழ் எண்ணும் இடையில் மாறியிருக்கும்.

எந்தப் பதிப்பு என்பதையும் கேட்டுத் தெளிவது நல்லது. உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு முதலில் 1887இல் வெளிவந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் அவர் திருத்தங்களும் சேர்க்கைகளும் செய்தார். பதிப்பு வரலாற்றை ஆராய்பவருக்கு அந்த முதற்பதிப்பேதான் வேண்டும். நூலைப் படிக்க விரும்புபவருக்கு எந்தப் பதிப்பும் போதும். ஒரு வரியில் இதைக் கேட்டுவிட்டால், கிடைத்தற்கரிய முதற்பதிப்பைத் தேவையின்றித் திறக்காமல் இருக்கலாம்.

அடுத்து, மின்படி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்தச் சேமிப்பில் தொடங்கி, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம், இன்டர்நெட் ஆர்க்கைவ் எனத் தேடினால் பல விண்ணப்பங்கள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். கிடைத்த படியில் எல்லாப் பக்கங்களும் உள்ளனவா என்று ஒருமுறை புரட்டிப் பார்த்த பின்பே வாசகருக்கு இணைப்பை அனுப்ப வேண்டும்.

சட்டம் சொல்வது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளில் வெளியான நூலுக்கு அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. உ.வே.சா. 1942இல் மறைந்தார், அவர் நூல்களின் உரிமை 2002 இறுதியில் முடிந்தது. இருவர் சேர்ந்து எழுதிய நூலானால், இருவரில் பின்னால் இறந்தவரைக் கொண்டு கணக்கிட வேண்டும். புனைபெயரில் எழுதியவர் யாரென்று தெரியாமலே போனால், நூல் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. புனைபெயர்கள் மலிந்த தமிழ் இதழ்களுக்கு இந்த விதி அடிக்கடி தேவைப்படும். பழைய நூலுக்குப் புதிதாக எழுதப்பட்ட முன்னுரைக்கும் உரைக்கும் தனி உரிமை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் நாட்டுடைமை என்ற ஏற்பாடும் இருக்கிறது. பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அவை பொதுமக்களுக்கு உரியவையாயின. அதன்பின் எழுத்தாளர்கள் பலரின் நூல்களை, அவர்தம் குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை வழங்கித் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அந்த நூல்களுக்கு உரிமைத் தடை கிடையாது.

உரிமை முடியாத நூல்களுக்கும் சட்டம் சில வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஆய்வு உட்பட ஒருவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் படியெடுப்பதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. எத்தனை பக்கம் என்ற எண்ணிக்கை அதில் இல்லை. ஓர் இதழிலிருந்து ஒரு கட்டுரை, ஒரு நூலிலிருந்து ஓர் அத்தியாயம் என்ற அளவில் நூலகங்கள் நடந்துகொள்வது பாதுகாப்பானது. வணிக நோக்கமற்ற பொது நூலகம், இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலைத் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். தன்னிடம் அச்சுவடிவில் உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. பாதுகாப்புக்காகச் சேமித்த படியை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவது வேறு. அதற்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

பார்வையற்ற வாசகர்களின் விண்ணப்பத்துக்குத் தனி இடம் உண்டு. அவர்கள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றித் தருவதை அதே 2012 திருத்தம் அனுமதித்தது. இதற்கான பன்னாட்டு மராகேஷ் ஒப்பந்தத்துக்கு 2014இல் முதன்முதலாக ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. பக்கங்களின் வெறும் படம் இவர்களுக்குப் பயன்படாது. திரைவாசிப்பு மென்பொருள் படிக்கும்படி அது எழுத்துக்கோப்பாக வேண்டும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தும் முன் அச்சான நூல்களில் னா, றா, லை, னை போன்ற எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். எழுத்துணரி மென்பொருள் அவற்றில் தடுமாறும். ஆகவே ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்த பின்பே கோப்பை அனுப்ப வேண்டும்.

நூலின் நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழ்த் தாள் பரவியது. அதில் உள்ள அமிலம் காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கிறது. அப்படிப்பட்ட நூலைத் தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். அதற்காகவே V வடிவத் தொட்டில் இருக்கிறது. நூல் பாதியளவே விரிந்து அதில் சாய்ந்திருக்கும். இருபுறமும் உள்ள கேமராக்கள் இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் படம்பிடிக்கும். நொறுங்கும் பக்கத்தை விரலால் மூலையைப் பிடித்துப் புரட்டக் கூடாது. மெல்லிய அட்டையைத் தாளுக்கு அடியில் செருகி, முழுப் பக்கத்தையும் தாங்கியபடி மறுபக்கம் சாய்ப்பார்கள். உதிர்ந்த துணுக்கு எதுவானாலும் அந்தப் பக்கத்தின் எண்ணோடு உறையில் இட்டு வைப்பார்கள்.

மறுகட்டடம் செய்த நூல்களில் தையல் உள் ஓரத்தை விழுங்கியிருக்கும். வரியின் கடைசி எழுத்துகள் மடிப்புக்குள் மறையும். கட்டடத்தைப் பிரிக்கலாமா என்பதை ஸ்கேன் செய்பவர் தனியாக முடிவு செய்யக் கூடாது. பாதுகாப்புப் பிரிவினர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஓலைச்சுவடிக்கு இன்னும் பொறுமை தேவை. மென்தூரிகையால் தூசு தட்டி, எழுத்து மங்கிய இடத்தில் விளக்குக்கரி பூசித் துடைத்தால் கீறிய எழுத்து கருத்துத் தெளியும். ஏடுகள் வரிசை மாறிக் கோக்கப்பட்டிருந்தாலும் இருக்கிற வரிசையிலேயே இருபுறமும் படமெடுத்து, தமிழ் எண்களின்படி சரியான வரிசை எது என்பதைக் குறிப்பில் எழுதுவதே முறை.

படமும் சரிபார்ப்பும்

அச்சு நூலுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பரவலான அளவு. பொடி எழுத்துக்கும் படங்களுக்கும் 400 அல்லது 600 வேண்டும். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 300 புள்ளியில் வண்ணத்தில் எடுத்தால், சுருக்காத டிஃப் கோப்பு சுமார் 26 மெகாபைட் வரும். 200 பக்க நூலுக்கு 5 கிகாபைட்டைத் தாண்டும். ஆகவே டிஃப் மூலப்படியாக நூலகத்தில் இருக்க, அதிலிருந்து எடுத்த சிறிய பிடிஎஃப் வாசகருக்குப் போகும்.

அனுப்பும் முன் பக்கம் பக்கமாகச் சரிபார்க்க வேண்டும். இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டு பக்கம் விடுபடுவது, மடித்து வைத்த வரைபடத்தை விரிக்காமல் விடுவது, பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிவது, ஓரக்குறிப்புகள் வெட்டுப்படுவது ஆகியவை அடிக்கடி நேரும் குறைகள். நூலிலேயே ஒரு பக்கம் இல்லையென்றால், அதைக் கோப்பில் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கேனில் விடுபட்டது என்று எண்ணி வாசகர் மீண்டும் எழுதுவார். நூலை மீண்டும் எடுக்க வேண்டிவரும்.

வாசகருக்குத் தரும் பதில்

எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. மின்படி விண்ணப்பத்துக்கும் அது பொருந்தும். விண்ணப்பம் கிடைத்தது, இவ்வளவு கட்டணம், இத்தனை நாளாகும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், வாசகர் தம் ஆய்வைத் திட்டமிட்டுக்கொள்வார். பெரிய நூலானால் எந்தப் பகுதி உடனே வேண்டும் என்று கேட்டு அதை முதலில் அனுப்பலாம்.

மறுக்க நேர்ந்தால் காரணத்தையும் மாற்று வழியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உரிமைத் தடை என்றால், உரிமையாளரிடம் கடிதம் பெற்று வரலாம் என்று சொல்லலாம். நூல் நொறுங்கும் நிலையில் இருந்தால், பழுதுபார்த்த பின் தகவல் தருவதாகச் சொல்லலாம். யார் எந்த நூலைக் கேட்டார் என்ற விவரம் நூலகத்துக்கு வெளியே போகக் கூடாது.

கடைசி வேலை சேமிப்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. மின்சேமிப்புக்கும் ஆபத்து உண்டு. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் மின்சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. ஆகவே மூலப்படியை இரண்டு வகை ஊடகங்களில், ஒன்றை வேறோர் ஊரில், வைப்பது அவசியம். கோப்புக்கு நூலின் பட்டியல் எண்ணையே பெயராக இட்டு, எடுத்த தேதி, பதிப்பு, உரிமை நிலை, விடுபட்ட பக்கங்கள் ஆகியவற்றைப் பட்டியலில் ஏற்றிவிட வேண்டும். அப்போதுதான் அதே நூலை அடுத்து ஒருவர் கேட்கும்போது அலமாரியைத் திறக்காமலே படியை அனுப்ப முடியும்.