வாய் அசைகிறது, குரல் கேட்கவில்லை! கம்ப்யூட்டர் மைக்கை நீங்களே சரி செய்யலாம்

பெரம்பூரில் ஒரு வீடு. காலை மணி 9-45.

கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலையைப் படிய வாரி, நெற்றியில் பொட்டு வைத்து, இஸ்திரி போட்ட உடை உடுத்தியிருக்கிறாள். 10 மணிக்கு அவளுக்கு வேலைக்கான இண்டர்வியூ. கேள்வி கேட்பவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவள் பெரம்பூரில் இருக்கிறாள். நடுவே இருப்பது கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

எதற்கும் பார்த்துக்கொள்வோம் என்று, முதலில் ஒரு தோழியைக் கூப்பிட்டாள்.

"ஹலோ! கேட்குதாடி?"

திரையில் தோழியின் முகம் தெரிகிறது. அவள் காதைத் தொட்டுக் காட்டுகிறாள். பிறகு கையை விரிக்கிறாள்.

இவள் உரக்கக் கத்தினாள். மைக்கைத் தட்டினாள். ஊதினாள். வயரைப் பிடுங்கி மறுபடியும் செருகினாள். ஊகூம்!

"மைக் கெட்டுப் போச்சுப்பா! பத்து மணிக்குள்ளே புது மைக்குக்கு எங்கே போவேன்?" என்று கண் கலங்கினாள்.

அப்பா எழுந்து வந்தார். அவர் கேரேஜ் ஒர்க்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் படித்தவர் அல்ல. ஆனால் ஒரு கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடுவதில் கைதேர்ந்தவர்.

"கெட்டுப் போச்சா, இல்லே வழி தப்பிப் போச்சா? அதை முதல்லே பாரும்மா" என்றார்.

சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது!

வீட்டுக்குள் வந்த பள்ளிக்கூடம்

ஒரு காலத்தில் மைக் என்றால் கல்யாணப் பந்தலிலும் பொதுக்கூட்டத்திலும் இருக்கும் பொருள். வீட்டில் அதற்கு வேலை இல்லை.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 10, 12-ம் வகுப்புகள் 2021 ஜனவரி 19-ந் தேதிதான் மறுபடி திறந்தன. ஒன்று முதல் 8-ம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகள் 2021 நவம்பர் 1-ந் தேதி வரை காத்திருந்தார்கள். அதுவரை பல வீடுகளில் கூடமே வகுப்பறை ஆயிற்று. வாத்தியார் பெயர் கூப்பிட்டபோது, "உள்ளேன் ஐயா" என்று குழந்தை சொன்னது மைக்கில்தான். அந்தக் குரல் போய்ச் சேராவிட்டால், குழந்தை வகுப்புக்கு வராத கணக்கு!

கொரோனா போயிற்று. ஆனால் மைக் போகவில்லை. வேலைக்கான இண்டர்வியூ, டாக்டரிடம் ஆலோசனை, கோர்ட்டு விசாரணை, வெளிநாட்டில் இருக்கும் பேரனோடு பாட்டியின் பேச்சு, எல்லாமே கம்ப்யூட்டரில் நடக்கின்றன.

எழுதப் படிக்க இப்போதுதான் பழகுகிறவர்களுக்கும் இது உதவுகிறது. தமிழில் பேசினால் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் வசதியை கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் கொடுத்தது. மைக் ஊமையானால் அதுவும் ஊமைதான்.

குரல் போகும் தண்டவாளம்

1955-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பிரதமர் நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை பெரம்பூரில் இருக்கிறது. லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ் என்று பட்டறைகளின் பெயரிலேயே ரயில் நிலையங்களும் இருக்கின்றன. ஆகவே இந்த ஊரில் ரயிலை உதாரணம் காட்டினால் சட்டென்று புரியும்.

ரயில் நகராமல் நிற்கிறது. உடனே எஞ்சினையா தூக்கி எறிகிறார்கள்? சிக்னல் விழுந்ததா, பாயிண்ட் சரியான தடத்துக்குத் திரும்பியதா, பெட்டிகளின் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

குரலும் ஒரு ரயில்தான். நீங்கள் பேசும்போது காற்று அதிர்கிறது. மைக் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. கம்ப்யூட்டர் அந்த மின்சாரத்தை வினாடிக்கு 48,000 தடவைகூட அளந்து, எண்களாக மாற்றிக்கொள்கிறது. பிறகு ஜூம், கூகுள் மீட், டீம்ஸ் போன்ற செயலிகள் அந்த எண்களை இண்டர்நெட் வழியாக அனுப்புகின்றன. இந்தப் பாதையில் எங்கே தடை இருந்தாலும் குரல் நின்றுவிடும். பழி மட்டும் மைக்கின் மேல் விழும்!

பாயிண்ட் மாறிய கதை

அப்பா சொன்னபடி அந்தப் பெண் தேடத் தொடங்கினாள்.

முதலில் கூட்டத் திரையில் உள்ள மைக் படத்தைப் பார்த்தாள். அதன் குறுக்கே கோடு இருந்தால், மைக் அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒரு தடவை தட்டினால் கோடு போய்விடும். பாதிப் பேருடைய கவலை இதிலேயே தீர்ந்துவிடும். அவள் திரையில் கோடு இல்லை.

சில மடிக்கணினிகளில் விசைப்பலகையிலும் மைக் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். தெரியாமல் கை பட்டால் மைக் அடைபடும். சிறு விளக்கு எரிந்து அதைக் காட்டும். அதுவும் இல்லை.

பிறகு, திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் ஒலிபெருக்கி படத்தின் மேல் மவுசின் வலது பொத்தானை அழுத்தினாள். "சவுண்ட் செட்டிங்ஸ்" என்று வந்தது. அதற்குள் போனாள். "இன்புட்" என்ற பகுதி தெரிந்தது. கம்ப்யூட்டர் எந்தக் காதால் கேட்கிறது என்று சொல்லும் இடம் அதுதான்.

பார்த்தாள். திகைத்தாள்!

அவள் பேசியது வயர் மைக்கில். கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருந்ததோ தம்பியின் புளூடூத் இயர்போனில்! முதல் நாள் இரவு தம்பி அதில் படம் பார்த்தான். அணைக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கினான். கம்ப்யூட்டர் பாவம், அரை மணி நேரமாகத் தலையணைக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது!

பட்டியலில் வயர் மைக்கின் பெயரைத் தேர்ந்தெடுத்தாள். பேசினாள். அங்கே இருந்த பட்டை ஏறி இறங்கியது. தோழி திரையில் கை தட்டினாள்.

மணி 9-56.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஜூம், டீம்ஸ் போன்றவை தங்களுக்கென்று தனியாக ஒரு மைக்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். கம்ப்யூட்டரில் மாற்றியும் பேச்சு போகவில்லை என்றால், செயலிக்குள்ளும் பார்க்கவேண்டும். ஜூமில் மைக் படத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியைத் தட்டினால் பட்டியல் வரும்.

சிவப்பு சிக்னல்

மைக் நன்றாக இருக்கும். தேர்வும் சரியாக இருக்கும். ஆனாலும் குரல் போகாது. அப்படியானால் சிக்னல் விழவில்லை!

நம் பேச்சை எந்தச் செயலியும் திருட்டுத்தனமாகக் கேட்கக்கூடாது. அதற்காக கம்ப்யூட்டரில் அனுமதி முறை வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் "மைக்கைப் பயன்படுத்தலாமா?" என்று திரையில் கேள்வி வரும்போது, பயந்துகொண்டு "வேண்டாம்" என்று அழுத்திவிடுகிறோம். கம்ப்யூட்டர் அதை மறக்காமல் வைத்துக்கொள்கிறது.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் திறந்து, "பிரைவசி அண்டு செக்யூரிட்டி" என்பதற்குள் "மைக்ரோபோன்" என்ற இடத்துக்குப் போகவேண்டும். அங்கே மைக்குக்கான அனுமதியையும், செயலிகளுக்கான அனுமதியையும் "ஆன்" செய்யவேண்டும். ஆப்பிள் கம்ப்யூட்டரிலும் சிஸ்டம் செட்டிங்சில் இதே பெயரில் இடம் இருக்கிறது.

குரோம் போன்ற பிரவுசர் வழியாகப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. மேலே இணைய முகவரி இருக்கிறது அல்லவா? அதன் இடது பக்கத்தில் உள்ள சிறு படத்தைத் தட்டி, மைக்ரோபோனுக்கு அனுமதி கொடுங்கள். பிறகு பக்கத்தை மறுபடி திறங்கள்.

வளையத்தை எண்ணுங்கள்!

இனி, கையால் தொட்டுப் பார்க்கும் கோளாறுகள்.

மேஜைக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் மைக்கே கிடையாது! கம்ப்யூட்டர் புதிதாக இருக்கிறதே என்று நம்பி அதன் முன்னால் மணிக்கணக்கில் பேசினாலும் பயன் இல்லை. மைக் தனியாக வாங்கிச் செருகத்தான் வேண்டும்.

எந்தத் துளையில் செருகுவது? பல மேஜைக் கம்ப்யூட்டர்களில் ரோஜா நிறத் துளை மைக்குக்கு. பச்சைத் துளை காதில் கேட்பதற்கு. மாற்றிச் செருகினால் வேலை செய்யாது. முன்பக்கத் துளையில் பேச்சு வரவில்லையா? பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். முன்பக்கத்துக்கு வரும் வயரை, பெட்டிக்கு உள்ளே மாட்டாமலே விட்டிருப்பதும் உண்டு.

கைபேசி இயர்போனின் உலோக முனையை உற்றுப் பாருங்கள். அதில் சிறு வளையங்கள் இருக்கும். மூன்று வளையம் இருந்தால் மைக்கும் சேர்ந்தது. இரண்டுதான் இருந்தால் கேட்க மட்டுமே ஆகும், பேச முடியாது. மூன்று வளைய இயர்போனை, இரண்டு தனித் துளைகள் உள்ள கம்ப்யூட்டரில் செருகினால், கேட்பது, பேசுவது இரண்டும் ஒருசேர நடக்காது. ஒரு முனை இரண்டாகப் பிரியும் சிறு வயர் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கிப் போட்டால் போதும்.

மைக்கே கெட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலப வழி! அதை ஒரு கைபேசியில் செருகி, குரலைப் பதிவு செய்து கேளுங்கள். கைபேசியில் பேச்சு பதிவானால் மைக் நல்ல மைக். கோளாறு கம்ப்யூட்டர் பக்கம். இதைச் செய்து பார்க்காமல் ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறுவது வீண் செலவு.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, கம்ப்யூட்டர் மைக்கையே காட்டமாட்டேன் என்கிறதா? அப்போது "டிரைவரை"ப் பார்க்கவேண்டும். பெரம்பூரில் டிரைவர் என்றால் ரயில் ஓட்டுகிறவர். கம்ப்யூட்டரிலும் ஒரு டிரைவர் உண்டு. அது ஆள் அல்ல. மைக்கை இயக்கும் சிறு மென்பொருள். "ஸ்டார்ட்" பொத்தானில் மவுசின் வலது பொத்தானை அழுத்தி, "டிவைஸ் மேனேஜர்" திறந்து, "ஆடியோ இன்புட்ஸ் அண்டு அவுட்புட்ஸ்" என்ற வரிசையில் மைக்கை நீக்கிவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துத் திறங்கள். விண்டோஸ் அதைத் தானே தேடிப் பிடித்து மறுபடி சேர்த்துக்கொள்ளும்.

ஊதாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள்!

மடிக்கணினியில் கேமராவுக்குப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய துளை இருக்கும். அதன் பின்னால்தான் மைக். கேமராவை மறைக்க ஒட்டும் ஸ்டிக்கர் சில சமயம் இந்தத் துளையையும் அடைத்துவிடும். அதை எடுத்தாலே குரல் தெளியும். அழுக்கு எடுக்கிறேன் என்று ஊசியை மட்டும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் சவ்வு கடுகைவிடச் சிறியது. கிழிந்தால் தைக்க ஆள் இல்லை.

இவ்வளவு சிறிய மைக்குகளுக்கு வழி திறந்தவர்களில் இருவரை இங்கே சொல்லவேண்டும். ஒருவர் ஜேம்ஸ் வெஸ்ட். இன்னொருவர் கெர்ஹார்ட் செஸ்லர். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள். மின்சாரத்தைத் தன்னுள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைக் கொண்டு, 1962-ல் புதுவகை மைக்கை உருவாக்கினார்கள். விலை குறைந்தது, உருவமும் குறைந்தது. டெலிபோனிலும் டேப் ரிக்கார்டரிலும் அது புகுந்தது. இன்றைய இயர்போன் வயரில் தொங்கும் மைக்கும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

ரீங்காரமும் எதிரொலியும்

குரல் போகிறது. ஆனால் "ங்ங்ங்" என்று ஒரு ரீங்காரமும் கூடவே போகிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேசிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜர் வழியாக வரும் மின்சாரம்தான். மூன்று முள் பிளக்கில் பெரிய முள் "எர்த்" முள். சுவரில் துளை பொருந்தவில்லை என்று இரண்டு முள் அடாப்டரைப் போட்டு ஓட்டுகிற வீடுகள் எத்தனையோ! இது ரீங்காரத்தோடு போகிற விஷயம் அல்ல, உயிருக்கும் ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்துகொள்ளவேண்டும்.

எதிரொலி கேட்டால் வேறு காரணம். ஒரே அறையில் இரண்டு பேர் ஒரே கூட்டத்தில் சேர்ந்திருப்பார்கள். ஒருவருடைய ஸ்பீக்கர் சத்தம் மற்றவருடைய மைக்கில் நுழைந்து சுற்றிச் சுற்றி வரும். ஒருவர் மைக்கையும் ஸ்பீக்கரையும் அடைத்துவிட்டால் அடங்கிவிடும்.

புளூடூத் இயர்போனில் பாட்டு இனிமையாக இருக்கும். பேச ஆரம்பித்ததும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். அது பழுது அல்ல. மைக்கும் வேலை செய்யும்போது பல இயர்போன்கள் டெலிபோன் பேச்சு முறைக்கு மாறிக்கொள்கின்றன. இன்புட்டில் மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால், காதில் கேட்பது பழையபடி ஆகிவிடும்.

முதல் நாள் மாலையே...

முக்கியமான பேச்சு இருந்தால் முதல் நாள் மாலையே ஒத்திகை பாருங்கள். விண்டோஸ் 11-ல் "சவுண்ட் ரிக்கார்டர்" என்ற செயலி இருக்கிறது. அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து, திரும்பக் கேளுங்கள். மின்விசிறி காற்று மைக்கில் படுகிறதா, குக்கர் விசில் எவ்வளவு கேட்கிறது, பக்கத்து வீட்டு டெலிவிஷன் உங்களை அமுக்குகிறதா என்று எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

அந்தப் பெண்ணின் இண்டர்வியூ சரியாக 10 மணிக்கு ஆரம்பமாயிற்று. அம்மா குக்கரை இறக்கி வைத்தாள். தம்பி எழுந்து இயர்போனை அணைத்தான். அப்பா எழுந்துபோய் ரயில் பாதைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். அப்படியும் நடுவில் ஒரு மின்சார ரயில் சங்கு ஊதிக்கொண்டு போயிற்று.

"ஒரு நிமிஷம் சார், ரயில் போகுது" என்றாள் அவள்.

"பரவாயில்லை, நீங்கள் பேசுவது நன்றாகக் கேட்கிறது" என்றார் பெங்களூர்க்காரர்.