வீட்டு வெள்ளை எலிக்கு மூச்சுத் திணறினால்

எலி என்றதும் நம் இல்லத்தரசிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவன பொறியும் நஞ்சுமே. காப்பியும் மிளகும் காயவைத்து மூட்டையாகக் கட்டி வைத்திருக்கும் மலைக் குடும்பத்தாரிடம் எலியின் உடல்நலம் பற்றிப் பேசப் புகுவது சற்றுத் துணிச்சலான காரியந்தான். ஆயினும் ஆடலூர், பன்றிமலைப் பக்கங்களில் இல்லம் சந்திக்கச் செல்கையில், நகரத்துக் கடைகளில் வாங்கி வந்த வெள்ளை எலியைக் கூண்டிலிட்டு வளர்க்கும் பிள்ளைகளை அங்குமிங்குமாக நாம் காண்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியும் மலையைப் போர்த்திக்கொள்ளும்போது அப்பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "சாமி, எலி தும்மிக்கிட்டே இருக்கு. மூக்குல ரத்தம் வருது. செத்துப் போயிருமா?"

பிள்ளைகளே, அது இரத்தம் அன்று. எலியின் கண்ணுக்குப் பின்னே உள்ள ஒரு சுரப்பி போர்பிரின் என்னும் செந்நிறப் பொருளைச் சுரக்கிறது. நோயோ, அச்சமோ, வேறு வேதனையோ நேரும்போது அது மிகுந்து கண்ணோரத்திலும் மூக்கிலும் வடியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டால் போதும். ஆனால் துடைத்ததோடு மறந்துவிடலாகாது. உள்ளே ஏதோ சரியில்லை என்பதற்கு அது அடையாளம்.

பெரும்பாலும் சரியில்லாதது நுரையீரலே. மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியை வீட்டில் வளரும் எலிகளில் மிகப் பலவும் தம் தாயிடமிருந்தே பெற்று வருகின்றன. அது பல மாதங்கள் ஓசையின்றித் தங்கியிருக்கும். உடல் தளரும் வேளை பார்த்துத் தலைதூக்கும். முதலில் தும்மல், பின் மூச்சில் கறகறவென்னும் ஓசை, மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, உணவை வெறுத்து மூலையில் ஒடுங்குதல். கிருமி காதுக்குள் புகுந்தால் தலை ஒருபுறம் சாய்ந்துவிடும். எலி இயல்பாக மூக்கினால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. ஆகவே அது வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தாலோ, விலாப்புறம் உள்வாங்கி உள்வாங்கித் துடித்தாலோ, மறுநாள் பார்த்துக்கொள்வோம் என்று இருத்தல் தகாது.

அக்கிருமியைத் தட்டி எழுப்புவது எது? குளிர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குளிரும் ஈரமும் காரணந்தான்; அதனினும் பொல்லாதது கூண்டின் அழுக்கு. நாட்கணக்கில் மாற்றாத படுக்கையில் எலியின் சிறுநீர் அம்மோனியா வாயுவாக மாறி, மூக்கின் மென்தோலை அரித்துக் கிருமிக்கு வாயில் திறந்துவிடுகிறது. நமக்கே நாற்றம் அடிக்கிறதென்றால், தரையோடு தரையாக முகம் வைத்துறங்கும் அச்சிறு பிராணியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? மரம் அறுக்கும் இடத்தில் இலவசமாகக் கிடைக்கிறதென்று பைன் மரத்தூளையோ தைல மரத்தூளையோ பரப்புவதும் தவறு. அதன் தூசியும் காரநெடியும் நுரையீரலுக்கு ஆகா. பழைய செய்தித்தாளைக் கிழித்துப் போட்டு, அடிக்கடி மாற்றுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிருக்கு இதமாயிருக்கும் என்று கூண்டை விறகடுப்பின் அருகே வைக்கும் வீடுகள் உண்டு. புகையானது குளிரைவிடக் கொடியது. அவ்வாறே மாலைச் செபத்துக்குச் சாம்பிராணி போடும் அறையிலும், கொசுவர்த்தி எரியும் அறையிலும் கூண்டு இருக்கலாகாது. பக்தி குறைய வேண்டாம். கூண்டு இடம் மாறட்டும்.

நிற்க. மருந்துக்கு வருவோம். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். பென்சிலின் இனத்து மருந்துகள் கிருமியின் செல்சுவரைத் தாக்கிக் கொல்பவை. மைக்கோபிளாஸ்மாவுக்கோ செல்சுவரே இல்லை. ஆகவே அவை அதனைத் தீண்டா. டாக்ஸிசைக்ளின், என்ரோபிளாக்சசின் போன்றவையே கால்நடை மருத்துவர்கள் இதற்கு எழுதித் தருபவை. வளர்ந்த எலியின் எடை ஏறத்தாழ 300 முதல் 500 கிராம். மனிதருக்கான மாத்திரையைக் கண்ணளவில் கிள்ளிக் கொடுத்தால் அளவு எங்கே போய் நிற்கும்? எடை பார்த்து அளவு குறிக்க மருத்துவர் வேண்டும். ஆடுமாடுகளையே பார்த்துப் பழகிய கால்நடை மருந்தகத்தில் எலியைக் கொண்டு நிற்கப் பிள்ளைகள் கூசலாம், கூச வேண்டியதில்லை.

மருந்தைக் குடிநீரில் கலந்து வைப்பதால் பயன் குறைவு. நோயுற்ற எலி நீர் அருந்துவதே கொஞ்சம். ஊசியில்லாத சிறு சிரிஞ்சினால் வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மல்லாத்திப் பிடித்துப் புகட்டினால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கிவிடும். பாலோடு கொடுக்க வேண்டா. பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து இம்மருந்துகளின் வேகத்தைக் கெடுக்கும். தும்மல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடாமல் மருத்துவர் சொன்ன நாள்வரை தொடருங்கள். குழைந்த சோறும் கஞ்சியும் சிறிது சிறிதாக ஊட்டுங்கள். நம் கைவைத்தியமான தைலத்தை நெஞ்சில் தடவாதீர்கள். எலி அதனை நக்கி விழுங்கிவிடும். இவ்வளவும் செய்தாலும் கிருமி முற்றும் அழிவதில்லை, அடங்குகிறது, அவ்வளவே. மீண்டும் வரலாம் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். எலியின் ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுகள்தாம்.

"எலிக்குப் போய் இத்தனை செலவா, சாமி?" என்று தந்தையர் கேட்பது நியாயமே. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: தேவையின்றி விலங்கைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரண், மனிதர் துயர் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குக்காகக் கொட்டுவதும் தகாது. பாட்டியின் இருமலுக்கு மருந்து வாங்காத வீடு எலிக்கு வாங்கலாகாது. ஆனால் படுக்கை மாற்றுவதற்கும், புகையிலிருந்து விலக்குவதற்கும் காசு வேண்டியதில்லை. வளர்ப்பதென்று கூண்டுக்குள் அடைத்தவர் நாம். எங்கும் ஓடித் தப்ப இயலாதபடி செய்தவரும் நாமே.

லீமா நகரின் புனித மார்ட்டின் தெ போரஸ் (1579–1639) சாமிநாதர் சபை மடத்தில் நோயாளிகளைப் பேணியவர். 1962-இல் திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் அவரைப் புனிதராக உயர்த்தினார். மடத்துத் துணிகளைக் கடித்த எலிகளைக் கொல்ல விடாமல், தோட்டத்துக்குப் போகச் சொல்லி அங்கே உணவிட்டார் என்பது அவரைப் பற்றி வழங்கிவரும் வரலாறு. பகலெல்லாம் ஏழை நோயாளிகளுக்கு உழைத்தவருக்கு எலிக்கும் ஒரு பிடி மிஞ்சியது என்பதைத் தந்தையர் கவனிக்கலாம்.

இனி மருந்துக்கும் அடங்காமல் எலி திணறிக்கொண்டே இருக்குமானால், மருத்துவர் கையால் வலியின்றி உயிர் நீக்குவது பாவமா என்று ஒரு தாயார் நம்மிடம் கேட்டார். பாவமன்று. மனிதருக்குக் கருணைக்கொலை கூடாது என்னும் திருச்சபையின் படிப்பினை விலங்குக்குப் பொருந்துவதன்று. ஆனால் தண்ணீரில் அமுக்குவது போன்ற கொடுமைகளைச் செய்யாதீர்கள். குழந்தை அழுதால் அழவிடுங்கள். "வேறொன்று வாங்கலாம்" என்று அன்றே சொல்லாதீர்கள்.

வாங்கும் காலம் வரும்போது, தும்முகிற எலியைத் தவிர்த்து, கையிலெடுத்துக் காதருகே வைத்து மூச்சொலி கேட்டு வாங்குங்கள். முன்பே வேறு எலி இருந்தால் புதியதை இரண்டு வாரமேனும் தனியறையில் வையுங்கள். வளையெலிகள் கூண்டை நெருங்காதபடி காத்துக்கொள்ளுங்கள். அவற்றின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் பிள்ளைகளின் உயிருக்கே உலை வைக்கும். கூண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே பிள்ளைகள் சாப்பாட்டில் கைவைக்க வேண்டும்.