கூடத்தில் ஒரு கொட்டகை

டெலிவிஷன் திரை வருஷத்துக்கு வருஷம் அகன்றுகொண்டே போகிறது. அகலம் வளர வளரக் கனம் குறைகிறது. சுவரில் படம் மாட்டுவதுபோல் அதை மாட்டிவிடுகிறோம். பார்ப்பதற்கு இது மிகவும் அழகுதான். ஆனால் பெட்டி மெலிந்தபோது அதற்குள்ளிருந்த ஸ்பீக்கர்களும் சேர்ந்து மெலிந்துவிட்டன. காற்றைத் தள்ளிச் சப்தத்தை உண்டாக்குவதற்கு வேண்டிய இடம் அவற்றுக்கு இல்லை. போதாக்குறைக்கு, அவற்றில் பல நம்மைப் பாராமல் தரையையோ பின்சுவரையோ பார்த்துக்கொண்டு பேசுகின்றன.

இதன் பலன் எல்லா வீடுகளிலும் தெரிந்ததே. கதாநாயகன் தாழ்ந்த குரலில் பேசுவது பாதி காதில் விழுவதில்லை. வால்யூமைக் கூட்டி வைத்தால், அடுத்த கணமே சண்டைக் காட்சி வந்து தொட்டிலில் உறங்கும் குழந்தையை எழுப்பிவிடுகிறது. "என்னடா சொன்னான்?" என்று பாட்டி கேட்கிறாள். பேரன் விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த இரண்டு வசனங்களும் போய்விடுகின்றன. நாளடைவில் பாட்டி கேட்பதையே நிறுத்திவிட்டுத் தம் அறைக்குப் போய்விடுகிறாள். குடும்பத்தில் ஒருவரை இப்படி ஒதுக்கிவிடும் குறையை அற்பமென்று சொல்ல முடியாது.

இந்தக் குறைக்குப் பரிகாரம் தேடிக் கடைக்குப் போகிற கிரகஸ்தர் அங்கே வேறொரு சங்கடத்தில் அகப்பட்டுக்கொள்கிறார். 5.1 என்கிறார்கள், 7.2 என்கிறார்கள், 1,000 வாட் என்கிறார்கள். ரிஸீவர் வேண்டுமா, ப்ராஸஸர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். பல மாதச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, பொருள் விளங்காத எண்களுக்கு நடுவே அவர் திகைத்து நிற்கிறார். அந்தப் பணம் வீணாகாதபடி, இவற்றின் தாத்பரியத்தைச் சற்று விளக்குவதே நம்முடைய நோக்கம்.

சூழ்ந்து ஒலிக்கும் வித்தை

பல திசைகளிலிருந்து சப்தம் வரச் செய்யும் யுக்தி புதிதன்று. 1940-ஆம் வருஷம் நவம்பர் மாதம் நியூயார்க்கில் வால்ட் டிஸ்னியின் "பான்டாஸியா" படம் வெளிவந்தபோதே, கொட்டகைக்குள் வாத்திய கோஷ்டியின் நாதம் இடம்விட்டு இடம் நகரும்படி செய்தார்கள். "பான்டஸவுண்ட்" என்ற அந்த ஏற்பாட்டுக்கு வேண்டியிருந்த யந்திரங்களும் செலவும் அதிகமாகையால், அது சில கொட்டகைகளோடு நின்றுபோயிற்று. பிறகு 1992-இல் டால்பி டிஜிட்டல் முறையும், 1993-இல் டி.டி.எஸ். முறையும் வந்தன. 2012-இல் "ஆட்மாஸ்" என்ற முறை வந்து, தலைக்கு மேலிருந்தும் சப்தத்தைப் பொழியச் செய்தது. அவ்வருஷமே தமிழில் "சிவாஜி" படத்தின் முப்பரிமாணப் பதிப்பு ஆட்மாஸ் ஒலியுடன் வெளிவந்தது. 2014-இல் அந்த முறை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

டெலிவிஷனுக்கும் ஸ்பீக்கர்களுக்கும் நடுவே இருக்கும் பெட்டிக்கு மூன்று வேலைகள் உண்டு. எண்களாகக் கட்டி வந்த ஒலியை அவிழ்த்து, எந்தச் சப்தம் எந்த ஸ்பீக்கருக்கு உரியதென்று பிரிப்பது முதல் வேலை. நம் அறைக்கும் ஆசனத்துக்கும் தக்கபடி அவற்றைச் சீர்படுத்துவது இரண்டாவது. ஸ்பீக்கரை அசைக்கத்தக்க மின்சார பலத்தை ஊட்டுவது மூன்றாவது.

இம்மூன்றையும் ஒரே பெட்டியில் செய்வது ரிஸீவர். ரேடியோ நிலையங்களை வாங்கும் பகுதியும் இப்பெட்டிக்குள் இருந்ததால் அந்தப் பெயர் வந்து, அப்படியே நிலைத்துவிட்டது. முதல் இரண்டு வேலைகளை மட்டும் செய்வது ப்ராஸஸர். அதை வாங்குகிறவர் மூன்றாவது வேலைக்கு பவர் ஆம்பிளிபயர்களைத் தனியே வாங்கவேண்டும். ஆகவே இடமும் செலவும் பெருகும்.

எண்களின் பொருளும் இப்போது எளிது. 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர்களும், அடிநாதத்துக்கென்று ஒரு ஸப்-வூபரும். எதிரில் இடம், நடு, வலம் என மூன்று. பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. 5.1.2 என்று மூன்றாவது எண்ணும் இருந்தால், அது உயரத்தில் வைப்பவற்றின் கணக்கு. 7.2 என்பதில் உள்ள "2" இரண்டு ஸப்-வூபர்களுக்கு வாய் உண்டென்று சொல்கிறது. மலிவான பெட்டிகளில் அவ்விரண்டிலிருந்தும் ஒரே ஒலிதான் வரும்.

இவற்றில் நடு ஸ்பீக்கருக்கே பிரதான ஸ்தானம். படத்தின் வசனம் பெரும்பாலும் அதன் வழியாகவே வருகிறது. பாட்டியின் கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. நல்ல ரிஸீவரில் மற்றவற்றைத் தொடாமல் நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்தி வைக்கலாம். இரவு வேளைக்கென்று, பெருஞ்சப்தத்தை அடக்கிச் சிறு சப்தத்தைத் தூக்கித் தரும் ஏற்பாடும் உண்டு. குழந்தை உறங்கும், பாட்டிக்கும் வசனம் கேட்கும். வாங்குமுன் இவ்விரண்டையும் செய்து காட்டச் சொல்லவேண்டும்.

வாட் என்னும் மாயை

கடையில் முதலில் உரத்துச் சொல்லப்படுவது வாட் கணக்கு. அதில்தான் ஏமாற்றமும் அதிகம். கீழ்வகுப்பு மாணவனும் போடக்கூடிய ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம்.

ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இது சாதாரணமான அளவே. திறந்த வெளியில் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 77 டெசிபல் நம்மை வந்தடையும். அறைக்குள் சுவர்களின் உதவியால் இன்னும் சற்று அதிகமாகவே வரும். மனிதர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது சுமார் 60 டெசிபல். ஆகவே வசனம் கேட்பதற்கு ஒரு வாட்டே மிகுதி! பத்து வாட் கொடுத்தால் 10 டெசிபலும், நூறு வாட் கொடுத்தால் 20 டெசிபலும் கூடும். அதாவது 97 டெசிபல். இடி முழக்கத்துக்கும் வெடிச் சப்தத்துக்கும் நடுத்தரக் கூடம் ஒன்றில் இது தாராளம். நூறு வாட்டை இருநூறாக ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காது இரட்டிப்பாக உணர்வதற்கு ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். விலை இரட்டித்தாலும் சப்தம் இரட்டிக்காது என்பதே இதன் சாரம்.

மேலும், வாட் எண்ணை எப்படி அளந்தார்கள் என்பதையும் விசாரிக்க வேண்டும். "8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல்கள் ஓடும்போது, சிதைவு 0.08 சதவிகிதம்" என்று எழுதியிருந்தால் அது கௌரவமான அளவு. "6 ஓம், 1,000 ஹெர்ட்ஸ், ஒரு சானல், சிதைவு 10 சதவிகிதம்" என்று பொடி எழுத்தில் இருந்தால், அது படியைத் தட்டாமல் குவித்து அளந்த நெல். முன்னதில் 80 வாட் என்பது பின்னதில் 150 வாட்டைக் காட்டிலும் மதிப்புடையதாக இருக்கலாம்.

அறையும் ஒரு வாத்தியம்

நம்முடைய வீட்டுக் கூடங்களில் தரை ஓடு பதித்தது, சுவர் வெறுமையானது. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். சப்தம் சுவருக்குச் சுவர் தாவி, "கிர்ர்" என்று நீண்டு ஒலித்தால், எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியும் அந்தக் கூடத்தில் தெளிவாகப் பேசாது. இதற்கு வைத்தியம் மலிவு. ஸ்பீக்கர்களுக்கும் ஆசனத்துக்கும் நடுவே கனமான ஜமக்காளம், ஜன்னல்களில் தடித்த திரை, ஒரு சுவரில் புத்தக அலமாரி. இவை செய்யும் உபகாரத்தைப் பல ஆயிரம் ரூபாய் யந்திரங்களும் செய்யமாட்டா. ஆசனத்தைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் அடிநாதம் குமுறும். ஓரிரண்டடி முன்னே இழுத்துப் போடுவது நலம்.

இதற்கு மேல் எஞ்சிய குறையைத் தீர்க்க ரிஸீவருக்குள்ளேயே ஒரு வைத்தியர் இருக்கிறார். ஆடிஸீ, டிராக், ஒய்.பி.ஏ.ஓ. என்று கம்பெனிக்குத் தக்கவாறு பெயர் வேறுபடும். ஆசனத்தில் ஒரு சிறு மைக்ரோபோனை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் முறையே ஒலி எழுப்பும். யந்திரம் அதைக் கேட்டுத் தூரத்தையும் உரப்பையும் கணித்துக்கொள்ளும். சப்தம் ஒரு விநாடியில் சுமார் 343 மீட்டர் செல்கிறதாகையால், ஒரு ஸ்பீக்கர் 34 சென்டிமீட்டர் அருகில் இருந்தால் அதன் ஒலியை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதித்து அனுப்பி, எல்லாம் ஒருங்கே வந்து சேரும்படி செய்யும். ஒரே விலையில் இரண்டு ரிஸீவர்கள் இருந்தால், வாட் அதிகமுள்ளதைவிட இந்தச் சீரமைப்பு உயர்ந்ததையே நாம் தேர்ந்தெடுப்போம்.

ரிஸீவரா? ப்ராஸஸரா?

ப்ராஸஸரும் தனி ஆம்பிளிபயர்களும் சேர்ந்த ஏற்பாடு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. உஷ்ணம் பிரிகிறது, பலம் மிகுகிறது, நீண்ட கயிறுகளிலும் இரைச்சல் சேராமல் காக்கும் இணைப்புகள் கிடைக்கின்றன. மிகப் பெரிய அறைக்கும், கடினமான ஸ்பீக்கர்களுக்கும் இது அவசியமாகலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆம்பிளிபயர் இருபது வருஷம் உழைக்கும். ஒலியை அவிழ்க்கும் பகுதியோ புதிய முறைகள் வர வர விரைவில் பழசாகிவிடுகிறது. 2020-இல் புதிதாக வந்த ரிஸீவர்கள் சிலவற்றில், இணைப்புச் சில்லில் இருந்த குறையால், புதிய விளையாட்டு யந்திரம் ஒன்று அனுப்பிய வேகப் படம் திரையில் சரியாக வரவில்லை. சீக்கிரம் மூப்படையும் பொருளில் அதிகப் பணத்தை முடக்குவது விவேகமன்று.

ஆகவே சாதாரணக் குடும்பத்துக்கு ஒரு நடுவழி உண்டு. ஆம்பிளிபயரை வெளியே சேர்த்துக்கொள்ள வாய் வைத்த ரிஸீவர்கள் இருக்கின்றன. அந்த வாய்க்கு "ப்ரீ-அவுட்" என்று பெயர். இன்று அந்த ரிஸீவர் ஒன்றே போதும். நாளை பெரிய வீட்டுக்குப் போனால் ஓர் ஆம்பிளிபயரை மட்டும் வாங்கிச் சேர்த்து, அதே ரிஸீவரைப் ப்ராஸஸராக உபயோகித்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பங்கிடுவதிலும் ஒரு முறை உண்டு. ஸ்பீக்கர்களுக்கே பெரும்பங்கு தரவேண்டும். காதில் விழுவது அவற்றின் குரல். அவை மற்றெல்லாவற்றையும்விட நெடுநாள் இருப்பவை. மட்டமான ஒன்பது ஸ்பீக்கர்களைவிட நல்ல ஐந்து மேல். ஐந்துக்குப் பணம் போதாவிட்டால், முதலில் முன்புற மூன்றை நல்லனவாக வாங்கி, மற்றவற்றை அடுத்த தீபாவளிக்குச் சேர்க்கலாம். ரிஸீவர் அதற்கெல்லாம் இடங்கொடுக்கும். கூடம் மிகச் சிறிதாகி, பின்னால் கயிறு இழுக்கவும் வழியில்லையென்றால், திரைக்குக் கீழே வைக்கும் நல்ல ஸவுண்ட்-பார் ஒன்றே போதும். இதைச் சொல்வதில் வெட்கமொன்றுமில்லை.

வாங்குமுன் சில வார்த்தைகள்

டெலிவிஷனில் ஹெச்.டி.எம்.ஐ. வாய்களில் ஒன்றின் அருகே "ஏ.ஆர்.ஸி." என்றோ "ஈ.ஏ.ஆர்.ஸி." என்றோ எழுதியிருக்கும். ரிஸீவரின் கயிறு அதில்தான் சேரவேண்டும். இணையத்தின் வழியே வரும் படங்களின் ஒலிக்குப் பெரும்பாலும் முன்னதே போதும். டெலிவிஷனில் செருகிய ப்ளூ-ரே யந்திரத்தின் முழு ஒலியும் ரிஸீவருக்கு வரவேண்டுமானால் பின்னது தேவை. அல்லது அந்த யந்திரத்தை நேரே ரிஸீவரிலேயே இணைத்துவிடலாம்.

அமெரிக்காவிலிருக்கும் பிள்ளையோ மருமகனோ மலிவாகக் கிடைக்கிறதென்று ரிஸீவரைக் கொண்டுவர முன்வரலாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் பெட்டி நாசமாகும். தகுந்த டிரான்ஸ்பார்மர் ஒன்று தனியே வேண்டும். அங்குள்ள உத்தரவாதமும் பெரும்பாலும் இங்கே செல்லாது. இவற்றைக் கூட்டிப் பார்த்தபின் மலிவு எவ்வளவு மிஞ்சுகிறதென்று கணக்கிடவேண்டும்.

ரிஸீவர் உஷ்ணமாகும் பொருள். கதவடைத்த அலமாரிக்குள் வைப்பதும், அழகுக்காகப் பின்னல் துணி போர்த்துவதும் கூடா. மேலே நாலு விரற்கடையாவது, கூடுமானால் அதற்கதிகமாகவும், காற்றுக்கு இடம் விடவேண்டும்.

கடைசியாக, கடைக்குப் போகும்போது வெடிச் சப்தம் நிறைந்த படத்தைக் கேட்டு மயங்க வேண்டாம். கடைக்காரர் போடுவது எப்போதும் அதுவே. நாலு பேர் உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். கூடுமானால் பாட்டியையும் உடன் அழைத்துப் போங்கள். சாதாரண உரப்பில், ஒரு வார்த்தையும் தவறாமல், முகஞ்சுளிக்காமல் அவர் கேட்பாரானால், அந்தப் பெட்டிக்குப் பணம் கொடுக்கலாம். அதன் மேல் எழுதியிருக்கும் எண் எதுவாயினும் சரியே.