தொலைக்காட்சி ரிமோட்டின் வீச்செல்லையைக் கூட்டுதல்

தொலைக்காட்சிப் பெட்டியைத் தொடாமல், இருந்த இடத்திலிருந்தே இயக்க உதவும் சிறு கருவி தொலை இயக்கி ஆகும். பேச்சு வழக்கில் இது ரிமோட் எனப்படும். பொத்தானை அழுத்தியதும் பெட்டி தவறாமல் ஏற்றுக்கொள்ளும் மிகக் கூடுதலான தொலைவே அதன் வீச்செல்லை. வீடுகளில் பயன்படும் அகச்சிவப்பு ரிமோட்டுகள் நல்ல நிலையில் பொதுவாக 8 முதல் 10 மீட்டர் வரை வேலை செய்யும். இது இரண்டு, மூன்று மீட்டராகச் சுருங்கும்போது பலர் புதிய ரிமோட் வாங்கிவிடுகின்றனர். பெரும்பாலான நேரங்களில் அதற்குத் தேவை இருப்பதில்லை.

ரிமோட் செயல்படும் முறை

ரிமோட்டின் முனையில் ஓர் அகச்சிவப்பு எல்இடி உள்ளது. இது ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளியை உமிழ்கிறது. இந்த ஒளி தொடர்ந்து எரிவதில்லை. பெரும்பாலான ரிமோட்டுகளில் நொடிக்கு ஏறக்குறைய 38,000 முறை அணைந்து எரிகிறது. இத்துடிப்புகளைத் தொகுதி தொகுதியாக விட்டுவிட்டு அனுப்புவதன் மூலமே எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்ற செய்தி செல்கிறது.

இந்தத் துடிப்பு ஏன் என்பதற்கு வரலாற்றிலேயே விடை உண்டு. 1955இல் அமெரிக்காவின் செனித் நிறுவனத்தில் யூஜின் போலி உருவாக்கிய ஃபிளாஷ்மேட்டிக் என்ற ரிமோட், சாதாரணக் கைவிளக்கைப் போல ஒளியைப் பாய்ச்சியது. திரையின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரிகள் இருந்தன. வெயில் பட்டாலும் அவை தூண்டப்பட்டதால் பெட்டி தானாகவே இயங்கத் தொடங்கியது. இன்றைய உணரி 38 கிலோ ஹெர்ட்சு துடிப்பை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்வதால், வெயிலையும் விளக்கொளியையும் பெருமளவு புறக்கணிக்கிறது.

தொலைவும் ஒளியும்

ஒளி செல்லச் செல்ல விரிகிறது. தொலைவு இரு மடங்கானால் உணரியில் விழும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. இதனைத் திருப்பிப் பார்த்தால், வீச்செல்லையை இரு மடங்காக்க ஒளியாற்றலை நான்கு மடங்காக்க வேண்டும். ஆற்றலை இரு மடங்காக்கினால் வீச்செல்லை 1.41 மடங்கு மட்டுமே கூடும்; 8 மீட்டர் ஏறத்தாழ 11 மீட்டர் ஆகும். ரிமோட்டைப் பிரித்து மாற்றம் செய்ய முனைவோர் முதலில் நினைவில் கொள்ள வேண்டிய கணக்கு இது.

மின்கலமும் தொடுமுனைகளும்

வீச்செல்லை குறைவதற்கு மிகப் பொதுவான காரணம் மின்கலமே. இரண்டு புதிய மின்கலங்கள் சேர்ந்து 3 வோல்ட் தருகின்றன. இதில் எல்இடியும் அதை இயக்கும் டிரான்சிஸ்டரும் சேர்ந்து ஏறத்தாழ 1.5 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 1.5 வோல்ட்டே மின்தடையின் வழியாக மின்னோட்டத்தைத் தீர்மானிக்கிறது. மின்கலங்கள் 2.4 வோல்ட்டுக்கு இறங்கினால் எஞ்சுவது 0.9 வோல்ட் மட்டுமே. அதாவது மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு மின்னோட்டம் 40 விழுக்காடு குறைந்துவிடுகிறது. 8 மீட்டர் எட்டிய ரிமோட் இப்போது ஏறத்தாழ 6 மீட்டர்தான் எட்டும். பழைய மின்கலத்தின் உள்தடையும் கூடிவிடுவதால் உண்மையில் இழப்பு இதைவிட அதிகம். மீள்மின்னேற்ற மின்கலங்கள் இரண்டு சேர்ந்தே 2.4 வோல்ட்தான் தருகின்றன என்பதால், அவற்றைப் போட்டதும் வீச்செல்லை சற்றுக் குறைவது இயல்பே.

சுவர்க்கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மின்கலத்தைக் கழற்றி ரிமோட்டில் போடுவது பல வீடுகளில் வழக்கம். கடிகாரத்துக்கு மிகச் சிறிய மின்னோட்டமே போதும். ரிமோட்டின் எல்இடிக்குத் துடிப்புக்குத் துடிப்பு பெரிய மின்னோட்டம் வேண்டும். எனவே கடிகாரம் ஓடியதை வைத்து மின்கலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக்கூடாது. இதன் மறுதலை பயனுள்ளது. ரிமோட்டில் தீர்ந்துபோன மின்கலம் கடிகாரத்தில் இன்னும் சில மாதங்கள் உழைக்கும்.

ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினால் சிறிது நேரம் வேலை செய்வதும் வெறும் நம்பிக்கை அல்ல. தட்டும்போது மின்கலம் அசைந்து, சுருள்கம்பியின் மேலுள்ள துரு உராய்ந்து தொடர்பு சீராகிறது. நிரந்தரத் தீர்வு, அந்தத் தொடுமுனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைப்பதே. அல்கலைன் மின்கலம் கசிந்து வெள்ளைப் படிவு இருந்தால், எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சால் துடைத்து, ஈரம் முழுவதும் உலர்ந்த பின்னரே புது மின்கலத்தைப் போட வேண்டும்.

எல்இடி எரிகிறதா என்பதைக் கைப்பேசிக் கேமரா காட்டிவிடும். ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், திரையில் வெளிர் ஊதா ஒளி மின்னும். பல கைப்பேசிகளில் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பு வடிப்பான் இருப்பதால், முன்பக்கக் கேமராவிலும் பார்க்க வேண்டும். ஒரு பொத்தானுக்கு மட்டும் ஒளி வரவில்லை என்றால், குறை அந்தப் பொத்தானின் அடியிலுள்ள கரிப்பட்டையில் இருக்கிறது, வீச்செல்லையில் அல்ல.

பெட்டியின் பக்கம்

ரிமோட் நன்றாக ஒளிர்ந்தும் பெட்டி கேட்கவில்லை என்றால் உணரியைக் கவனிக்க வேண்டும். அது சட்டத்தின் கீழ்விளிம்பில் கருஞ்சிவப்பு அல்லது கறுப்புச் சாளரத்துக்குப் பின்னால் இருக்கும். அங்கே படியும் தூசி, நீக்கப்படாத ஒட்டுவில்லை, முன்னால் வைத்த பூச்சாடி ஆகியவை ஒளியை மறைக்கும். ரிமோட் மீது போர்த்தும் நெகிழி உறை புதிதாக இருக்கும்போது பெரிய தடையல்ல. அழுக்கேறிச் சுருங்கிய பின் அது ஒளியைச் சிதறடிக்கும்; முனைப்பகுதியை மட்டும் வெட்டிவிட்டால் போதும்.

சிஎஃப்எல் விளக்குகளின் மின்னணுச் சுற்று பல பத்துக் கிலோ ஹெர்ட்சில் இயங்குகிறது. அதனால் அவற்றின் ஒளியும் ரிமோட்டின் துடிப்புக்கு நெருக்கமான வேகத்தில் ஏறியிறங்குகிறது. இந்த இரைச்சலைச் சமாளிக்க உணரி தன் உணர்திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். இரவில் மட்டும் ரிமோட் திணறினால் விளக்கை அணைத்துப் பார்க்கலாம். பகலில் மட்டும் திணறினால், சன்னல் வெயில் உணரியின் மேல் நேரே விழுகிறதா என்று பார்க்கலாம்.

ரிமோட்டில் செய்யும் மாற்றங்கள்

மின்னணுவியல் பயிலும் மாணவர்கள் இரண்டாவது எல்இடி ஒன்றைச் சேர்ப்பதுண்டு. இரண்டையும் தொடராக இணைத்தால் அவையே ஏறத்தாழ 2.6 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மின்னோட்டத்துக்கு இடமிருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை வைத்துப் பக்க இணைப்பில் சேர்க்க வேண்டும். பலன் மேலே கண்ட 1.41 மடங்கே; மின்கலமும் விரைவில் தீரும்.

எல்இடியை மாற்றுவது இதைவிடச் சிக்கனமான வழி. ஒளிக்கற்றையின் கோணம் பாதியானால் அதே ஒளி நான்கில் ஒரு பங்கு பரப்பில் குவியும். ஆகவே மின்னோட்டத்தைக் கூட்டாமலே வீச்செல்லை ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் ரிமோட்டைப் பெட்டிக்கு நேராகக் குறிபார்த்துப் பிடிக்க வேண்டும். படுத்துக்கொண்டு எந்தத் திசையிலோ காட்டி அழுத்தும் வசதி போய்விடும். முதியோர் பயன்படுத்தும் ரிமோட்டில் இம்மாற்றம் உகந்ததல்ல.

மறு அனுப்பி

அடுத்த அறையிலிருந்தோ, மூடிய அலமாரிக்குள் இருக்கும் செட்டாப் பெட்டியையோ இயக்க வேண்டுமானால் மறு அனுப்பி தேவை. ஓர் உணரி ரிமோட்டின் ஒளியைப் பெற, கம்பியின் மறுமுனையிலுள்ள எல்இடி அதே செய்தியைச் செட்டாப் பெட்டியின் முன் மீண்டும் ஒளிர்விக்கும். கடைகளில் கிடைக்கும் மூன்றுகால் உணரி, 38 கிலோ ஹெர்ட்சு துடிப்பை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டுமே வெளியிடுகிறது. அந்த வெளியீட்டை அப்படியே எல்இடிக்குக் கொடுத்தால் பெட்டி அதை அடையாளம் காணாது. 555 போன்ற நேரக்கணிப்புச் சில்லு ஒன்றால் அதே அதிர்வெண்ணை மறுபடியும் உண்டாக்கிச் சேர்க்க வேண்டும். மறு அனுப்பியின் ஒளி அதன் சொந்த உணரியின் மேலேயே விழுந்துவிடாதபடி இரண்டையும் பிரித்து வைப்பதும் இன்றியமையாதது. இல்லாவிட்டால் அது தான் சொன்னதையே தான் கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.